குளுக் தெரியாமல் ஆஃபன்பாக்கைப் பார்த்தால் பாதிச் சிரிப்பு போய்விடுமா?

மாடிவீட்டு_மெட்டு எழுதியது:

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கேட்பதெல்லாம் கர்நாடக இசைதான். மகள் மட்டும் பியானோ கற்கிறாள், ஏழாம் வகுப்பு. சென்ற மாதம் அவளுடைய ஆசிரியை செயின்ட்-சான்ஸ் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'விலிருந்து ஆமை வரும் பகுதியை எளிமைப்படுத்திக் கொடுத்திருந்தார். அவள் வாசித்ததைக் கேட்டு, ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறது என்று கேட்டேன். "சோகம் இல்லை அம்மா, கிண்டல். ஒரு வேகமான நடன மெட்டைப் பிடித்து ஆமையிடம் கொடுத்திருக்கிறார்" என்றாள்.

அந்த வேகமான மெட்டைத் தேடப் போய், அது கான்கான் என்று தெரிந்து, கான்கான் ஒரு முழு ஓபராவின், அதாவது இசை நாடகத்தின், கடைசிக் காட்சி என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஆஃபன்பாக்கின் 'நரகத்தில் ஆர்ஃபியஸ்' முழுவதையும் ஆங்கில வசன வரிகளோடு பார்த்து முடித்தோம்.

நன்றாகவே சிரித்தோம். ஆர்ஃபியஸ் இங்கே வயலின் வாத்தியார். மனைவி யூரிடிசிக்கு அவர் வயலினைக் கண்டாலே ஆகாது. என் புதிய கான்செர்ட்டோவை வாசித்துக் காட்டுகிறேன், ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று அவர் மிரட்டுகிறார், அவள் அலறுகிறாள். செத்துப் போகிறவள் கணவனுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறாள்: இறந்துவிட்டதால் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன் என்று. தேவர்களின் அரசன் ஜூபிடர் ஈயாக மாறிச் சாவித் துவாரம் வழியாக வந்து ரீங்காரத்திலேயே காதல் செய்யும் காட்சியில் மகள் நாற்காலியிலிருந்து விழாத குறை.

ஓர் இடம் மட்டும் புரியவில்லை. தேவர்கள் கூடியிருக்கும் காட்சியின் முடிவில் ஆர்ஃபியஸ் வந்து, என் யூரிடிசியைப் பறித்துவிட்டார்கள் என்று சில வரிகள் பாடுகிறார். மிக அழகான மெட்டு. குரலில் கேலி இல்லை, கோணங்கி இல்லை. அரங்கம் முழுவதும் சிரிக்கிறது. தேவர்களும் கூடவே பாடுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மின்விசிறிச் சத்தம்.

அது குளுக் என்பவருடைய பழைய ஓபராவிலிருந்து வந்தது என்று படித்தேன். மூலத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்திருக்க வேண்டுமா? இன்னொன்று, இந்தக் கான்கான் மேடையில் பெண்கள் வரிசையாகக் காலைத் தூக்கி ஆடுவதற்கென்றே எழுதப்பட்டதா? பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

நேராகச் சொல்லிவிடுகிறேன். குளுக்கைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய 'ஆர்ஃபியோவும் யூரிடிசியும்' வியன்னாவில் 1762 அக்டோபர் 5 அன்று அரங்கேறியது. 1774இல் பாரிசுக்காகப் பிரெஞ்சு மொழியில் மாற்றி அமைத்தார். செத்த மனைவியை மீட்கக் கீழுலகம் போகும் ஆர்ஃபியஸ், வரும் வழியில் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, அவளை மறுபடியும் இழக்கிறான். அப்போது பாடும் பாடலின் தொடக்கம்தான் நீங்கள் கேட்ட வரிகள். ஓபராவில் துயரம் என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மனைவி தொலைந்ததில் உள்ளூர மகிழ்கிறவன் வாயில் அதைத் திணித்தது பகடி. மூலத்தைப் பார்க்காமல் பகடியை ரசிப்பது, ஆளைப் பார்க்காமல் அவருடைய கேலிச்சித்திரத்தைப் பார்ப்பது போன்றது.

மூலம் நீளமும் இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பார்த்துவிட்டு வாருங்கள். (ஆஃபன்பாக் இறந்ததும் ஓர் அக்டோபர் 5தான், 1880இல். குளுக் பழி வாங்கிவிட்டார் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.)

கடைசி_வரிசை எழுதியது:

குளுக்கைப் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். ஆனால் இதற்காகப் பார்க்காதீர்கள்.

நான் இசை படித்தவன் அல்லன். லண்டனில் ஓர் ஓபரா அரங்கில் பல ஆண்டுகள் மாலை வேலை பார்த்தவன். டிக்கெட் கிழிப்பது, தாமதமாக வருகிறவர்களை டார்ச் வெளிச்சத்தில் இருக்கைக்குக் கூட்டிப் போவது, இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்பது. மற்ற நேரமெல்லாம் கதவை ஒட்டி நிற்க வேண்டும். மேடையைப் பார்த்ததைவிட மக்களின் பிடரியைப் பார்த்ததே அதிகம். சிரிப்பு எந்த வரிசையில் தொடங்குகிறது, எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆர்ஃபியஸ் அந்த வரிகளைப் பாடும்போது சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் குளுக்கை மேடையில் பார்த்ததே கிடையாது. இடைவேளையில் அவர்களிடமே கேட்டிருக்கிறேன்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 'நரகத்தில் ஆர்ஃபியஸ்' பாரிசில் அரங்கேறியது 1858 அக்டோபர் 21. குளுக்கின் ஓபரா அந்த நகரத்தில் பல ஆண்டுகளாக முழுதாக மேடையேறாமல் கிடந்தது. இசையமைப்பாளர் பெர்லியோஸ் அதைத் தூசு தட்டி, பாடகி பொலின் வியார்டோவை ஆர்ஃபியஸாக நிறுத்தி மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது 1859 நவம்பரில். அதாவது கேலி முதலில் வந்தது, மூலம் ஓராண்டு கழித்து வந்தது! அந்த முதல் நாள் கூட்டத்தில் பெரும்பாலோருக்குக் குளுக் என்பது வீட்டுப் பியானோவில் யாரோ வாசித்துக் கேட்ட ஒரு மெட்டு, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் சிரித்தார்கள்? காரணம் அந்த மெட்டுக்குள்ளேயே இருக்கிறது, உங்கள் கர்நாடகக் காதுக்கு அது சட்டென்று பிடிபடும். உலகப் புகழ் பெற்ற அந்த ஒப்பாரி மேஜர் ஸ்வரவரிசையில் அமைந்தது. கிட்டத்தட்ட நம் சங்கராபரணம். முகாரியும் இல்லை, சுபபந்துவராளியும் இல்லை! பதினெட்டாம் நூற்றாண்டிலேயே போயே என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கவனித்து எழுதினார்: "என் யூரிடிசியை இழந்தேன்" என்ற இடத்தில் "என் யூரிடிசியைக் கண்டேன்" என்று மாற்றிப் பாடினாலும் மெட்டு அப்படியே பொருந்துகிறது என்று. 1854இல் வியன்னா விமர்சகர் ஹான்ஸ்லிக் இதையே எடுத்துக்கொண்டு, இசை தானாக எந்த உணர்ச்சியையும் சொல்வதில்லை என்று வாதிட்டார். குளுக்கின் அன்பர்கள் அந்த வாதத்தோடு இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆஃபன்பாக் வாதிடவில்லை. மேடையில் செய்து காட்டினார். மனைவி போனதில் நிம்மதியடைந்த ஒருவன், ஊர் வாய்க்குப் பயந்து, வராத அழுகையை வரவழைக்க வேண்டும். அதற்கு உலகத்தில் ஏதாவது மெட்டு உண்டு என்றால் அது இதுதான். அதனால் அவர் கிண்டலுக்காக மெட்டை வளைக்க வேண்டிய தேவையே எழவில்லை. "ஊர் வாய்" என்று சும்மா சொல்லவில்லை. அந்த ஓபராவில் பொதுஜன அபிப்பிராயம் என்றே ஒரு பாத்திரம் இருக்கிறது. ஆர்ஃபியஸின் பின்னால் நின்று, போ, மனைவியைக் கேள் என்று நெட்டித் தள்ளுகிற அம்மாள். குளுக்கின் கதையில் காதல் தெய்வம் செய்யும் வேலையை இங்கே இவள் செய்கிறாள். இந்தப் பொருத்தத்தைப் புரிந்துகொள்ள ஓபரா அறிவு எதற்கு? அக்கம்பக்கத்தார் இருந்தால் போதும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தயாரிப்பில் ஆர்ஃபியஸாக வந்த டெனர் (உச்சக் குரல் ஆண் பாடகர்), இந்த இடம் வந்ததும் சபையைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஒரு சுரத்தை வேண்டுமென்றே விம்மலாக இழுப்பார். முன் இரண்டு வரிசைகளில் சிரிப்பு எழும், அங்கேயே அடங்கிவிடும். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாற்றுப் பாடகராக வந்தவர் பயந்த சுபாவம். கையை மார்பில் வைத்து, கோயிலில் நிற்பவரைப் போல, சுத்தமாக, அழகாகப் பாடினார். நகைச்சுவை எதையும் முயலவில்லை, முயலத் துணிவில்லை என்றுகூடச் சொல்லலாம். மூன்றாவது மாடியிலிருந்து இடி போலச் சிரிப்பு இறங்கியது. பக்கத்தில் நின்ற என் சக ஊழியர், இருபது ஆண்டு அனுபவசாலி, "பார்த்தாயா, அவனுக்கு இது நகைச்சுவை என்று யாரும் சொல்லித் தரவில்லை" என்றார். பெரிய டெனர் திரும்பி வந்தார். கண்ணடிப்பும் திரும்பி வந்தது.

ஓபராப் பகடியின் சூட்சுமம் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: இசை சிரிக்கக் கூடாது. சூழ்நிலை எவ்வளவு கேவலமோ, இசை அவ்வளவு கண்ணியமாக இருக்க வேண்டும். தேவர்கள் கூடவே பாடுகிறார்களே, அதுவும் இதில் சேர்த்தி. சோகப் பாட்டு அவர்களுக்கும் தெரிந்த பாட்டாக இருக்கிறது. கேட்டதும் பழக்கத்தில் வாய் அசைகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தங்களை மறந்து பாடிவிடுகிற கதை.

அதே காட்சியில் இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தினமும் தேவாமிர்தமா, அலுத்துவிட்டது என்று தேவர்கள் ஜூபிடருக்கு எதிராகக் கொடி பிடிக்கும்போது இசைக்குழுவில் மார்செயேஸ் எட்டிப் பார்க்கும். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் அந்தப் புரட்சிப் பாட்டை அரசுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அரண்மனையில் சலிப்போடு வாழ்ந்து, ரகசியமாகப் பெண்களைத் தேடிப் போகும் ஒரு ஜூபிடர், அவனைத் தட்டிக் கேட்கும் ஒரு கூட்டம், பின்னணியில் இந்த மெட்டு. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், 1860இல் பேரரசரே கேட்டு வாங்கி ஒரு சிறப்புக் காட்சி பார்த்து ரசித்தார்.

கோபப்பட்டது வேறொருவர். ஜூல் ஜானன், அந்தக் காலத்துப் பெரிய விமர்சகர். புனிதமான பழங்காலத்தை அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று பத்திரிகையில் கொதித்து எழுதினார். இந்த ஓபராவுக்கு வசனம் எழுதிய கிரெமியூ ஃபிகாரோ பத்திரிகையில் பதில் போட்டார்: ஐயா, பாதாள அரசன் புளூட்டோ தேவலோகமான ஒலிம்பஸைப் புகழ்ந்து பேசும்போது சபையே சிரிக்கிறதே, அந்த வசனம் உங்கள் பழைய கட்டுரையிலிருந்து சொல் மாறாமல் எடுத்தது. அங்கேயும் பாருங்கள், கேலி செய்தவர்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இந்தச் சண்டைக்குப் பிறகு டிக்கெட் கிடைப்பதே பாடாகிவிட்டது. முதல் சுற்றில் 228 காட்சிகள் ஓடியது.

கான்கான் பற்றிக் கேட்டீர்கள். ஆஃபன்பாக் அதற்கு வைத்த பெயர் 'நரகத்து கலோப்'. கலோப் என்றால் ஒரு வேக நடனம். தேவர்களும் பாதாளத்துக்காரர்களும் சேர்ந்து குடித்து ஆடும் ஆட்டம். அதற்குச் சற்று முன்னால் ஜூபிடர் மிக நாகரிகமாக ஒரு மினுவெட் ஆடுவாரே, அரண்மனை நடனம்? அந்த மரியாதை உடைந்து இந்த வேகம் பீறிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வரிசையாக நின்று பாவாடையைத் தூக்கி ஆடும் காட்சியோடு இந்த மெட்டு ஒட்டிக்கொண்டது பிற்பாடு, கேளிக்கை விடுதிகளில். மூலான் ரூஜ் திறந்தது 1889; ஆஃபன்பாக் செத்து ஒன்பது ஆண்டு. நீங்கள் கூச்சப்பட்டதற்கு அவர் பொறுப்பல்லர், உங்கள் பதிப்பின் இயக்குநர் பொறுப்பு.

மாடிவீட்டு_மெட்டு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னதை உடனே வீட்டில் சோதித்துப் பார்த்தோம். மகள் குளுக்கின் அந்த வரிகளைப் பியானோவில் தட்டுத்தடுமாறி எடுத்தாள். என் மாமியாரை அழைத்து, கதை எதுவும் சொல்லாமல், இது எந்த இடத்தில் வரும் பாட்டாக இருக்கும் என்று கேட்டோம். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது வாசிக்கலாம் என்றார். கொஞ்சம் யோசித்து, "பெண் நல்ல இடத்துக்குப் போகிறாள் என்றால்" என்று சேர்த்துக்கொண்டார். போயேவும் ஹான்ஸ்லிக்கும் எங்கள் கூடத்தில் ஜெயித்துவிட்டார்கள்.

மகள் அடுத்து என்ன பார்க்கலாம் என்று நச்சரிக்கிறாள். ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னரைக் கேலி செய்யும் முயல் கார்ட்டூன் ஒன்று உண்டாமே? மாமியாரும் சேர்ந்து பார்ப்பதாகச் சொல்கிறார், அதனால் யோசித்துச் சொல்லுங்கள்.

பனிக்காலம் எழுதியது:

டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன் அக்கா. அந்தக் கார்ட்டூன் 1957இல் சக் ஜோன்ஸ் இயக்கியது, ஏழு நிமிடம்தான். பக்ஸ் பன்னி முயலை வேட்டைக்கார எல்மர் தலைக்கவசமும் ஈட்டியுமாகத் துரத்துவார். முயலைக் கொல்வேன் என்ற ஒரே வரியை வாக்னரின் 'வால்கிரிகளின் சவாரி' மெட்டில் பாடியபடி! பிறகு முயல் மஞ்சள் சடை போட்டு, வாக்னரின் நாயகி பிரூன்ஹில்டாக ஒரு கொழுத்த வெள்ளைக் குதிரை மேல் இறங்கி வரும். இருவரும் காதல் பாட்டுப் பாடி பாலே ஆடுவார்கள். 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள், அந்தப் பெருமை பெற்ற முதல் கார்ட்டூன் குறும்படம் அதுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாக்னர் பெயரைக் கேள்விப்படும் முன்பே அவருடைய மெட்டுகளைப் பாடிக்கொண்டு திரிந்தது இதனால்தான். கடைசி_வரிசை அண்ணா சொன்னதற்கு இது நல்ல சாட்சி: பின்னால் வாசிக்கும் இசைக்குழு முழு வாக்னரை முழுப் பாரத்தோடு வாசிக்கும்.

பெரியவர்களுக்கு என்றால் இசையை வைத்து நகைச்சுவை செய்த பாடகி அன்னா ரஸ்ஸல். கனடாவிலும் வாழ்ந்தவர் என்பதால் இங்கே பழைய இசைத்தட்டுக் கடைகளில் அவருடைய தட்டுகள் இன்னும் கைக்குக் கிடைக்கும். வாக்னரின் 'மோதிரம்' நான்கு ஓபரா, மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட. அதை இந்த அம்மாள் பியானோ முன்னால் உட்கார்ந்து, எல்லாருடைய பாட்டையும் தானே பாடி, அரை மணி நேரத்துக்குள் சொல்லி முடிப்பார். 1953இல் தட்டாக வந்தது. அவர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, கதையை அப்படியே சொல்வார். நாயகன் சீக்ஃபிரீட் நெருப்பைக் கடந்து போய் எழுப்புகிற முதல் பெண் உறவுமுறையில் அவனுக்கு அத்தை. வாக்னர் எழுதியதே அதுதான்! இதையெல்லாம் நானாகக் கட்டிச் சொல்லவில்லை என்று நடுவில் அவர் சபைக்குச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். பிறகு தன் வாழ்க்கை வரலாற்றுக்கே அந்த வரியைத் தலைப்பாக வைத்துவிட்டார்.

அத்தை விஷயத்தை மாமியாருக்கு எப்படி விளக்குவீர்கள் என்பது உங்கள் பாடு.

கடைசி_வரிசை எழுதியது:

அன்னா ரஸ்ஸலை நினைவூட்டிய தங்கைக்கு (தம்பியானால் மன்னிக்க) நன்றி.

பிள்ளைகளுக்கு என்றால் கில்பர்ட், சல்லிவன் இருவரின் 'பென்சான்சின் கடற்கொள்ளையர்' காட்டுங்கள். 1879 கடைசியில் வந்தது. கொள்ளையர்கள் ஒரு வீட்டுக்குள் திருடப் போகிறார்கள். பூனை போல ஓசைப்படாமல் நடக்கிறோம் என்று தொண்டை கிழியக் கோரஸாகப் பாடுவார்கள். ஒவ்வோர் அடிக்கும் இசைக்குழு மேடை அதிர ஒரு போடு போடும். வெர்டியின் 'இல் ட்ரோவட்டோரே'யில் சம்மட்டி அடித்தபடி பாடும் கோரஸை நினைத்து எழுதியது. வெர்டி தெரியாவிட்டாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நகைச்சுவை புரியாமல் போகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்த பகல் காட்சிகளில் அந்த இடத்தில் தரையே அதிரும். என் வேலை, எழுந்து குதிக்கிறவர்களை உட்கார வைப்பது.

நகைச்சுவை எப்படி முளைக்கிறது என்று பார்க்க ஆஃபன்பாக்கின் தொடக்க காலத்துக்குப் போக வேண்டும். 1855இல் அவருக்குச் சிறிய அரங்கு நடத்த அனுமதி கொடுத்தபோது அரசு ஒரு முட்டுக்கட்டையும் சேர்த்தே கொடுத்தது: ஒரே அங்கம், மேடையில் வாய் திறக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். பெரிய அரங்குகளின் பிழைப்புக்குப் போட்டி வரக்கூடாதே. 1857இல் எழுதிய 'குரோக்ஃபேர்' நாடகத்துக்கு அவருக்கு ஐந்து பேர் வேண்டும், அனுமதி நான்கு பேருக்கு. என்ன செய்தார் தெரியுமா? ஐந்தாவது ஆளின் நாக்கைப் போரில் எதிரிகள் அறுத்துவிட்டதாக எழுதிவிட்டார். அவர் பேச வேண்டியதையெல்லாம் எழுதிப் பிடித்துக் காட்டுவார். வீரதீர ஓபராக்களில் வரும் வீரர்கள் எல்லாரும் அங்கம் சிதையாமல் திரும்பி வந்து உச்ச சுரத்தில் பாடுவார்கள் அல்லவா. இந்த ஆள் மேடையில் நின்றாலே பகடி ஆகிவிடுகிறது. தடை போட்ட அதிகாரிக்குத்தான் நகைச்சுவையில் பாதிப் பங்கு. அந்தக் கட்டுப்பாடு 1858இல் தளர்ந்ததும் ஒரு முழு ஒலிம்பஸையே மேடையில் ஏற்றினார், அதுதான் நீங்கள் பார்த்தது.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. 1728இல் லண்டனில் ஜான் கேயின் 'பிச்சைக்காரனின் ஓபரா' வந்ததே? அதில் பாலி, லூசி என்ற இரு பெண்கள் ஒரு கொள்ளைக்காரனுக்காகச் சண்டை போடுவது, குசோனி, ஃபவுஸ்டீனா என்ற இரு இத்தாலியப் பாடகிகளின் பகையைக் குத்திக் காட்டுவது. கொள்ளையர்கள் வழிப்பறிக்குப் புறப்படும்போது பாடும் பாட்டு, ஹேண்டலின் 'ரினால்டோ' ஓபராவின் படை நடை. இதெல்லாம் மூலம் தெரிந்த சபைக்காக எழுதியதுதானே? ஹேண்டல் தெரியாதவனுக்கு அது வெறும் திருடர் பாட்டு.

கடைசி_வரிசை எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் முந்தைய ஆண்டு ஜூனில் அந்த இரு பாடகிகளின் ரசிகர்களும் அரங்குக்குள்ளேயே ஊளையிட்டு அடித்துக்கொண்ட செய்தி ஊர் முழுக்கச் சிரித்தது. அதற்கு ஓபரா டிக்கெட் தேவைப்படவில்லை, செய்தித்தாள் போதும். ஹேண்டலின் படை நடை போக, கேயின் அறுபத்தொன்பது பாட்டுகளில் பெரும்பாலானவை தெருவில் புழங்கிய மெட்டுகள். இத்தாலிய ஓபராவுக்குக் காசு கொடுக்க முடியாதவனுக்கும் வாயில் வரும் மெட்டுகள். முதல் பருவத்தில் 62 முறை நடந்தது. அத்தனை முறை அரங்கை நிரப்பும் அளவுக்கு ஹேண்டலை அறிந்த பிரபுக்கள் லண்டனில் இல்லை.

உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கும் உதாரணம் ஒன்றை நானே தருகிறேன்: 1737இல் வந்த 'வான்ட்லியின் டிராகன்'. இசை லாம்பே, பாட்டு ஹென்றி கேரி. ஊரைத் தின்னும் டிராகனை ஒரு குடிகாரப் பெருவீரன் பின்பக்கத்தில் ஓர் உதை விட்டுக் கொல்கிறான். மெட்டெல்லாம் ஹேண்டல் பாணியில் அலங்காரத்தோடு எழுதப்பட்ட அசல் ஓபரா இசை. அந்தப் பாணி தெரிந்தவனுக்கு இரட்டிப்புச் சிரிப்பு, ஒப்புக்கொள்கிறேன். 'பிச்சைக்காரனின் ஓபரா'வையும் மிஞ்சி முதல் பருவத்தில் 69 முறை நடந்தது. ஆனாலும் இன்று அதை யார் மேடையேற்றுகிறார்கள்? ஆண்டுக்கணக்கில் தேடினால் ஒரு சிறிய குழு எங்காவது செய்யும். ஹேண்டலின் பாணியைத் தவிர வேறு கைப்பிடி அதில் குறைவு. 'பிச்சைக்காரனின் ஓபரா'வை நிற்க வைப்பது மேலிடத்தில் இருப்பவனும் திருடனும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்பது. இருநூறு ஆண்டு கழித்து 1928இல் நாடகாசிரியர் பிரெக்ட்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் பெர்லினில் அதை எடுத்துத் திரும்ப எழுத முடிந்தது அதனால்தான். தூக்குமேடை வரை போன கொள்ளைக்காரனை, ஓபரா என்றால் சுபமாகத்தான் முடிய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக விடுதலை செய்கிறார்கள். அந்த முடிவை அவர்களும் கைவிடவில்லை.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

இரட்டிப்புச் சிரிப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு இரட்டிப்பாகத்தான் வேண்டும். அம்மா, குளுக்கைப் பாருங்கள்.

மாடிவீட்டு_மெட்டு எழுதியது:

இரண்டு பேர் சொல்வதையும் கேட்கிறேன். குளுக்கை அடுத்த ஞாயிறு, கடற்கொள்ளையரை அதற்கு அடுத்த ஞாயிறு. நடுவில் முயல்.

ஒரே ஒரு சந்தேகம். மாமியாருக்காக 'நரகத்தில் ஆர்ஃபியஸ்' மறுபடி போடப் போகிறோம். தேடினால் இரண்டு அங்கப் பதிப்பு, நான்கு அங்கப் பதிப்பு என்று இரண்டு வருகிறது. எது நல்லது? அவரால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.

கடைசி_வரிசை எழுதியது:

இரண்டு அங்கம். 1858இல் சிறிய அரங்குக்காக எழுதியது அதுதான், கட்டுக்கோப்பானது. நான்கு அங்கம் 1874இல் தெயாத்ர் த லா கெய்த்தே என்ற பெரிய அரங்குக்காக அவரே ஊதிப் பெருக்கியது: பாலே, ஊர்வலம், கூட்டம் கூட்டமாகத் தேவர்கள். இசை நன்றாக இருக்கிறது, ஆனால் நகைச்சுவைக்கு மூச்சு வாங்கும். சில குழுக்கள் இரண்டையும் கலந்து செய்வார்கள், அதனால் ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கச்சேரிகளில் தொடக்கத்தில் வாசிக்கிறார்களே, கான்கானில் முடியும் அந்த நீண்ட முன்னிசை, அது 1860இல் வியன்னாவில் கார்ல் பிண்டர் கோத்துக் கொடுத்தது. முதல் பதிப்பில் அது இல்லை என்று பதற வேண்டாம். ஈ எல்லாப் பதிப்பிலும் வரும்.